கொய்யா வேரில் நான் பார்த்த முடிச்சு

பண்ணைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும்,

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அதற்குப் பிறகு பேனாவைத் தொட்டது செடிப் பைகளில் ரகத்தின் பெயரை எழுத மட்டும்தான். போன மாதம் நான் பண்ணைக்கு வந்தபோது, டீ குடிக்கிற நேரத்தில் உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொன்னார் முதலாளி. நீங்கள் பதினோரு பேர் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். எனக்கு நாக்கு எழவில்லை. எல்லாரும் நல்லா வேலை பாருங்க என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். சொல்ல நினைத்தது வேறு. அதைத்தான் எழுதுகிறேன்.

பாளையம்பட்டியை ஒட்டிய இந்த நாற்றுப் பண்ணையில் இருபத்தாறு வருஷம் இருந்தேன். போன வருஷம் முழங்கால் மடங்க மறுத்ததால் நின்றுகொண்டேன். பை நிரப்புவதும் பதியம் போடுவதும் உங்களுக்குத் தானாகக் கை பழகிவிடும். அதை எழுதப் போவதில்லை. நான் செய்த ஒரு தப்பை எழுதப் போகிறேன். 

அப்போது பண்ணையின் பின்பக்கம் நாற்பது கொய்யாத் தாய்ச்செடிகள் நின்றன. அவற்றின் கிளைகளில்தான் பதியம் போட்டுக் கன்று எடுப்போம். ஒரு நாள் அங்கே களை வெட்டும்போது ஒரு வேர் மேலே வந்தது. அதில் மணிமணியாக முடிச்சுகள். எனக்கு ஒரே சந்தோஷம். நம் பக்கத்தில் உளுந்தையோ பாசிப்பயறையோ பிடுங்கினால் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். முடிச்சு அதிகம் இருந்தால் நிலத்துக்கு நல்லது, அடுத்த வெள்ளாமை செழிக்கும். மானாவாரிக்காரர் வீட்டில் பிறந்த எல்லாருக்கும் இது தெரியும். கொய்யாவிலும் அதே முடிச்சு விழுந்திருக்கிறது என்று நானே முடிவு செய்தேன். யாரிடமும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து நான் நிரப்பிய ஒவ்வொரு பையிலும் அந்தத் தாய்ச்செடியின் அடியிலிருந்து ஒரு கைப்பிடி மண் போட்டேன். யாரும் போடச் சொல்லவில்லை. கன்றுக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்தேன். முதலாளிக்கும் அது பிடித்துப்போனது. கன்று வாங்க வருகிறவர்களிடம், எங்க கன்னு தாய்மண்ணோட வருது, புது எடத்துக்குப் போனாலும் ஏங்காது என்று சொல்ல ஆரம்பித்தார். வந்தவர்களும் தலையை ஆட்டினார்கள். அந்தப் பேச்சுக்குக் காரணம் நான் என்பதில் எனக்கு ஒரு பெருமை.

திருச்சுழிக்குத் தெற்கே ஒரு ஊரிலிருந்து பேச்சியம்மாள் என்ற அக்கா வந்து அறுநூறு கன்று எடுத்துப் போனார். அவர் வீட்டுக்காரர் வெளியூரில் மளிகைக் கடை வைத்திருந்தார். நிலத்தை விற்றுவிட்டு நீயும் இங்கே வந்துவிடு என்று அவர் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அக்காவுக்கு மண்ணை விட மனசில்லை. வானத்தைப் பார்த்துச் சோளமும் உளுந்தும் விதைத்த நிலத்தில் போர் போட்டு, கிடைத்த கொஞ்சத் தண்ணீரைச் சொட்டுநீர்க் குழாயில் விட்டு, கொய்யா வைத்தார். மூன்று வருஷத்தில் காய்க்கவில்லை என்றால் விற்றுவிடலாம் என்று புருஷனிடம் வாக்குக் கொடுத்திருந்தார். இதையெல்லாம் கன்று ஏற்றும்போது அவரே சொன்னார். அறுநூறில் முன்னூறு, நான் தாய்மண் போட ஆரம்பிப்பதற்கு முன்னால் நிரப்பிய பைகள். மீதி முன்னூறு, தாய்மண் போட்டவை. போட்டதை மேற்குப் பக்கமும் போடாததைக் கிழக்குப் பக்கமும் நடச் சொன்னேன். எது முந்திக் காய்க்கிறது என்று பார்க்க எனக்கு ஆசை.

ஒன்றரை வருஷம் கழித்து அவர் போனில் கூப்பிட்டார். மேற்குப் பக்கச் செடிகள் வெளுத்துப்போய் நிற்கின்றன, தண்ணீர் விட்டாலும் உச்சி வெயிலில் துவண்டுவிடுகின்றன என்றார். முதலாளி என்னைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். வயலில் அக்காவின் கொழுந்தனும் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர், "வாங்க. எங்க மதினி கொய்யாத் தோப்பு வச்சிருக்காக. இன்னும் ஒரு கிளி எட்டிப் பாக்கல" என்றார். அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் ஒரு செடியைத் தோண்டினேன். வேரெல்லாம் முடிச்சு. கொழுந்தன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி தங்கச்சிகளே, இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். உண்மையில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. முடிச்சு இருக்கிறது, செடி வாடுகிறது. இரண்டும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை என்று உள்ளுக்குள் ஏதோ சொன்னது. ஆனால் என்னை நம்பிக் கூப்பிட்டிருக்கிறார்கள். இவ்வளவு வருஷம் செடியோடு இருந்தவன், தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? அஞ்சாப்பு படித்தவனைக் கூப்பிட்டது தப்பு என்று நினைத்துவிட்டால்?

"முடிச்சு நல்லா விழுந்திருக்குக்கா. உளுந்துக்கு விழுகிற மாதிரிதான். செடி மண்ணோட சேர ஆரம்பிச்சிருச்சு. சொட்டுநீர் பத்தாது, வாய்க்கா வெட்டி மேக்கயிருந்து கிழக்க பாய விடுங்க" என்றேன்.

அக்காவின் முகம் தெளிந்தது. கொழுந்தனைப் பார்த்து, கேட்டுக்கிட்டீகளா என்று மட்டும் சொன்னார். எனக்கு மோர் கொடுத்தார். நான் நிம்மதியாகக் குடித்தேன்.

ஆறு மாதம் ஆனது. ஒரு நாள் காலையில் பண்ணை வாசலில் ஈரச் சாக்கைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கா நின்றார். பஸ்ஸில் வந்திருந்தார். முதலாளி டவுனில் இருந்தார். சாக்கைப் பிரித்து ஒரு கொய்யா மரத்தின் அடிவேரை என் முன்னால் வைத்தார். வேர் என்று சொல்ல முடியாது. இஞ்சிக் கிழங்கு மாதிரி வீங்கியிருந்தது. நுனி வேர் ஒன்றுகூட இல்லை.

"முடிச்சு நல்லதுன்னு சொன்னீக. இம்புட்டு நல்லது இருந்தும் எதுக்குண்ணே சாகுது?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று முனகினேன். அவர் வேரை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போனார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, அந்த வேரோடு மதுரைப் பக்கம் இருக்கும், பயிர் நோய் பார்க்கிற ஒரு பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். பெயரைக் கேட்க எனக்குக் கூச்சம். கடைசி வரைக்கும் கேட்கவில்லை. இந்தத் தொழிலில் எனக்கு வாத்தியார் என்றால் அவர்தான்.

இது என்னன்னு நினைச்சீங்க அண்ணே என்று கேட்டார். உளுந்து முடிச்சு என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வெளியே தொட்டியில் நின்ற ஒரு உளுந்துச் செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்து, முடிச்சை நகத்தால் தள்ளச் சொன்னார். வேரை விட்டுச் சுத்தமாக உதிர்ந்தது. நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. கொய்யா முடிச்சைத் தள்ளச் சொன்னார். அசையவில்லை. வேரையே கிழித்தால்தான் வரும். "அது வேர் மேல ஒட்டியிருக்கு. இது வேரே வீங்கிப்போனது" என்றார். இவ்வளவுதான் வித்தியாசம். நகம் இருக்கிற யாரும் கண்டுபிடிக்கலாம். எனக்குப் பத்து நகம் இருந்தது.

பிறகு அந்த முடிச்சைப் பிளந்து, ஊசியால் எதையோ எடுத்துக் கண்ணாடியில் வைத்து, பெரிதாக்கிக் காட்டும் கருவியில் குனிந்து பார்க்கச் சொன்னார். வெள்ளையாக, முத்து மாதிரி, ஒரு பக்கம் கழுத்து நீண்டு ஒரு உருண்டை. அது பெண் புழுவாம். நூற்புழு என்று பெயராம். வேருக்குள் தலையைச் செருகிவிட்டால் சாகிற வரைக்கும் நகராதாம். உட்கார்ந்த இடத்திலேயே செடியை உறிஞ்சிப் பருத்து, நூற்றுக்கணக்கில் முட்டையிடுமாம். அதன் பக்கத்தில் கோந்து மாதிரி பழுப்பாக இருந்த ஒரு துளியை எடுத்துத் தண்ணீரில் கரைத்து, மறுபடி பார்க்கச் சொன்னார்.

நூல் நூலாக நெளிந்தன. சுருண்டன, விரிந்தன, ஒன்றின் மேல் ஒன்று ஏறின. நான் கண்ணை எடுத்து, அதே தண்ணீரை வெறும் கண்ணால் பார்த்தேன். ஒன்றும் இல்லை. குடிக்கிற தண்ணீர் மாதிரி சுத்தமாக இருந்தது. மறுபடி குனிந்தேன். நெளிந்தன. இப்படி மூன்று தடவை பார்த்தேன். நாற்காலியில் உட்காருங்க அண்ணே என்று சொல்லி அவர் என்னை உட்கார வைத்தார்.

இதெல்லாம் எங்கே இருக்கும் என்று கேட்டேன். இல்லாத இடத்தைச் சொல்வதுதான் கஷ்டம் என்றார். வயல் மண்ணில், கண்மாய்ச் சேற்றில், கடலின் அடியில், பனி உறைந்த ஊர்களில்கூட இருக்குமாம். நரிக்குடிப் பக்கம் மழைக்குப் பிறகு ஆடுகள் இளைத்துத் தாடை வீங்கிச் சாகுமே, அது அவற்றின் வயிற்றில் இருக்கும் நூற்புழுவின் வேலையாம். பிள்ளைகள் வயிற்றில் இருக்கும் கொக்கிப்புழு, யானைக்கால் வியாதியின் புழு, இதே கூட்டம்தானாம். முன்காலத்தில் ஊருணித் தண்ணீர் குடித்தவர்களின் காலில் நூலாக வெளியே வரும் என்பார்களே, அந்த நரம்புச் சிலந்தியும் இந்த இனம்தானாம். அது நம் நாட்டில் ஒழிந்துவிட்டது என்றார். எங்கள் ஊரில் ஒரு பெரியவரின் கணுக்காலில் அந்தத் தழும்பை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர் அதைக் கவனித்துவிட்டு, பயப்படாதீங்க, மண்ணில் இருக்கிறதில் முக்கால்வாசி நமக்குக் கெடுதல் செய்யாது, மக்கினதைத் திங்கிற கிருமிகளைத் தின்னுக்கிட்டு அதுபாட்டுக்கு இருக்கும், சிலது பயிரைத் தின்னும் பூச்சியையே கொல்லும் என்றார்.

நான் தாய்மண் போட்டதைச் சொன்னேன். வாய்க்கால் வெட்டச் சொன்னதையும் சொன்னேன். 

"அதுவா நகர்ந்தா ஒரு வருஷத்துல ரெண்டு மூணு முழம் போகும் அண்ணே. தண்ணியில போனாத்தான் தூரம் போகும். மம்பட்டியில, செருப்புல, பையில போகும். நாமதான் அதைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போறோம்."

இதைக் கேட்டபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு மத்தியானம் நரிக்குடிக்கு ஒரு லோடு போக வேண்டும். இரண்டாயிரம் கன்று. எல்லாம் என் கையால் தாய்மண் போட்ட பைகள்.

பஸ் மாறி நான் பண்ணைக்கு வந்தபோது பாதி லோடு ஏறியிருந்தது. முதலாளி வண்டிக்குப் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார்.  வருகிற வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தை ஒன்றுகூட வாயில் வரவில்லை. வண்டியிலிருந்து ஒரு கன்றை எடுத்து, பையைக் கிழித்து, தண்ணீர்த் தொட்டியில் வேரை அலசி, அவர் முன்னால் நீட்டினேன். முடிச்சு சின்னதாகத்தான் இருந்தது. ஆனால் இருந்தது.

"என்னய்யா இது?"

"புழு மொதலாளி."

நூற்புழுவைப் பற்றி எனக்குப் புரிந்ததையெல்லாம் திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் தானாகவே நாலு கன்றை எடுத்துப் பையைக் கிழித்துப் பார்த்தார். நாலிலும் இருந்தது. நரிக்குடியில் குழி வெட்டிவிட்டு ஆள் வைத்துக் காத்திருந்தார்கள். கன்றுகள் எல்லாம் கண்ணுக்குப் பச்சைப்பசேல் என்று இருந்தன.

அவர் குரலைத் தாழ்த்தி, "ஒரு வருசம் நல்லா இருக்கும்ல?" என்று கேட்டார்.

"இருக்கும்."

"அதுக்குப் பெறகு?"

"செடி போயிரும். புழு அந்த மண்ணை விட்டுப் போகாது."

அவர் வேப்பமரத்து நிழலுக்குப் போய் ரொம்ப நேரம் நின்றார். அவர் கெட்டவர் இல்லை. பயந்துபோயிருந்தார். பிறகு திரும்பி வந்து, லோடை இறக்கச் சொன்னார். நரிக்குடிக்குப் போன் போட்டு, கன்னு சரியில்லை, வராது என்றார். என்னிடம், "ஏற்கெனவே வாங்கிட்டுப் போனவுககிட்ட நீயே போய்ச் சொல்லு. எனக்கு அவுக மூஞ்சியப் பாக்குற தெம்பு இல்ல" என்றார்.

அந்தக் கன்றுகளையும் தாய்ச்செடிகளையும் வேரோடு எடுத்து எரித்ததும், பின்பக்கத்தை மூடிப்போட்டதும் நீங்கள் அறிந்ததுதான். ஏன் அங்கே யாரையும் மம்பட்டியோடு விடுவதில்லை என்று கேட்டீர்களாம். இதனால்தான்.

தாய்மண் போட்ட கன்று நாலு ஊருக்குப் போயிருந்தது. திருச்சுழி அக்காவிடம்தான் முதலில் போயிருக்க வேண்டும். நான் போகவில்லை. மற்ற மூன்று ஊருக்கும் முதலில் போனேன். குமாரலிங்கபுரத்துப் பக்கம் கொய்யா போட்டிருந்த ஒரு சம்சாரி வீட்டில் போய் உட்கார்ந்து, புழு இருக்கிறது, இதோ பாருங்கள், இப்படித்தான் இருக்கும் என்று பையிலிருந்து வேரை வெளியே எடுக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏப்பா, எனக்கு வந்துருச்சான்னே இன்னும் தெரியல. நீ எதுக்கு இதையும் கொண்டாந்து என் தோட்டத்துல உதுக்குற?"

 அவ்வளவு பாடம் கேட்டுவிட்டு வந்து, மறுபடியும் அதே வேலையைச் செய்திருக்கிறேன். புழுவோடு வேரையும் மண்ணையும் சுமந்துகொண்டு பஸ்ஸில் ஊர் ஊராகப் போகிறேன். அந்தப் பையை அவர் வீட்டு அடுப்பிலேயே போட்டு எரித்தோம். செருப்பையும் கழுவச் சொன்னார். கழுவினேன். கேட்டதெல்லாம் கைக்கு வருவதற்கு எவ்வளவு நாள் ஆகிறது என்று அன்றைக்குப் பார்த்தேன்.

நாலாவதாகத்தான் அக்காவின் வயலுக்குப் போனேன். கொழுந்தனும் இருந்தார். மேற்குப் பக்கம் பாதி மரம் காய்ந்து நின்றது. நான் வாய்க்கால் வெட்டச் சொன்ன வழியிலேயே கிழக்குப் பக்கமும் வெளுக்க ஆரம்பித்திருந்தது. வரிசை வரிசையாக, தண்ணீர் போன தடத்திலேயே. யாரும் எனக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். தாய்மண் போட்டது, முடிச்சை நல்லது என்றது, தண்ணீரைக் கிழக்கே பாய விடச் சொன்னது, ஒன்றையும் மறைக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டேதான் சொன்னேன். 

அப்புறம் அக்கா கேட்டார்: "அன்னைக்கு எனக்குத் தெரியலைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னண்ணே? கெழக்க முன்னூறும் பச்சையாத்தான நின்னுச்சு. நான் இன்னும் நாலு பேருகிட்ட காட்டியிருப்பேன்ல."

 

அவர் காய்ந்த மரம் ஒன்றைக் காட்டி, பிடுங்குங்க என்றார். இரண்டு வயது மரம், கடப்பாரை வேண்டும் என்று நினைத்து இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். ஒரே இழுப்பில், முள்ளங்கி மாதிரி, கையோடு வந்துவிட்டது. நான் பின்னால் விழுந்தேன். அவ்வளவு பெரிய மரத்தை மண்ணில் பிடித்து நிறுத்த உள்ளே ஒன்றுமே மிச்சமில்லை. யாரும் சிரிக்கவில்லை.

கொழுந்தன்தான் முதலில் பேசினார். நிலத்தைக் கேட்டு ஒரு பார்ட்டி வந்துபோயிருக்கிறார், மரத்தையெல்லாம் பிடுங்கி எரித்துவிட்டு ஒரு உழவு உழுது போட்டால் மண் மண்ணாகத்தான் தெரியும், எவனும் வேரைத் தோண்டிப் பார்க்கப் போவதில்லை, மதினி பேசாமல் கொடுத்துவிடுவதுதான் நல்லது என்றார். அண்ணனிடம் நானே பேசுகிறேன் என்றும் சொன்னார். கிண்டல் இல்லாமல், அவர் நல்லதுக்குத்தான் சொன்னார்.

அக்கா என் கையில் இருந்த வேரை வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். "வாங்குறவனும் இதுல எதையாச்சும் நடத்தான செய்வான். இந்தப் புழுவையும் சேத்து அவன் தலையில கட்டிட்டு நான் எந்த ஊரு கடையில போயி ஒக்காந்திருக்க? நெலத்த விக்கல. உங்க அண்ணன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, இந்தப் புழு எதைத் திங்காது?"

எனக்கு வாய் திறந்துவிட்டது. செவ்வந்தி என்று ஒரு பெயரும், பருத்தி என்று ஒரு பெயரும் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. எங்கேயோ யாரோ சொல்லிக் காதில் விழுந்தவை. கொழுந்தனும் அக்காவும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியலக்கா. கேட்டுட்டு வந்து சொல்றேன்."

சொன்ன பிறகு வானம் இடிந்து விழும் என்று காத்திருந்தேன். அக்கா வெயிலைப் பார்த்தார்.

"மூணு மணி பஸ்ஸு வார நேரம் ஆச்சு. செருப்ப அந்தத் தொட்டியில கழுவிட்டுப் போங்க. நாளைக்கே வந்துருங்க" என்றார்.

வாய்க்காலை அடைக்கக் கொழுந்தன் ஒரு மம்பட்டியை எடுத்துக்கொண்டு மேற்கு ஓரத்துக்கு நடந்தார். நான் செருப்பைக் கழுவி, மறுபடி மண் ஒட்டாமல் கையில் பிடித்துக்கொண்டு, மதுரைக்குப் போய்க் கேட்க பஸ்ஸைப் பிடிக்க வெறுங்காலோடு ரோட்டுக்கு ஓடினேன்.

நாலு தடவை எழுத ஆரம்பித்து விட்டுவிட்டு, கடைசியில் எழுதி முடித்தது: ஐப்பசி பன்னிரண்டாம் தேதி, மழை பெய்த சாயங்காலம்.